விட்டத்தில் இடிக்கும் சம்மட்டி

பண்ணைக்காட்டில் ஆக்ஸிலியாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் சம்மட்டிச் சத்தம் தெரியாதவர்கள் கிடையாது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து மாதா கோயிலுக்குப் போகும் இறக்கத்தில், தகரக் கூரை போட்ட கொல்லுப்பட்டறை. உலைக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் ஆக்னல், குறடும் சின்னச் சுத்தியலுமாக உட்கார்ந்திருப்பான். இந்தப் பக்கம் ஆக்ஸிலியா சம்மட்டியோடு நிற்பாள். பழுத்த இரும்பில் எங்கே அடி வேண்டுமோ அங்கே அவன் சுத்தியலால் ஒரு தொடு தொடுவான். அடுத்த நொடி அவள் அடி அதே இடத்தில் விழும்.

காபிச் செடிக்குக் கவாத்துக் கத்தி, மிளகுக் கொடிக்கு வளைகத்தி, வாழைக்கு அருவாள் எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன. கத்தி நன்றாக அமைந்துவிட்டால் ஊரில் 'ஆக்னல் அடிச்சது' என்பார்கள். அடித்தது யார் என்று கொஞ்சம் நின்று யோசித்தால் அந்தப் பேச்சில் உள்ள அநியாயம் தெரியும். ஊர் அப்படியெல்லாம் நின்று யோசிக்காது. ஆக்ஸிலியாவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அவள் நெட்டை. சாதாரண நெட்டை இல்லை. கல்யாணத்தில் போட்டோ எடுத்தவர் மாப்பிள்ளையை நிற்கவைத்துப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் நிலைமையைச் சரிக்கட்டினார். ஆக்னல் வீட்டில் எல்லாருமே அளவாக வளர்ந்தவர்கள். பட்டறையைக் கட்டிய அவன் அப்பா அலெக்சாண்டரும் அப்படித்தான். மலைக்காற்றுக்கும் சாரலுக்கும் பயந்து, தன் தலைக்கும் தன் தம்பியின் சம்மட்டிக்கும் போதும் என்ற அளவில் கூரையைத் தாழ்த்திப் போட்டார். நெட்டையாக ஒரு மருமகள் வருவாள், வந்து சம்மட்டியும் எடுப்பாள் என்று அந்த மனுஷன் கனவா கண்டார்?

கல்யாணமான புதிதில் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்த ஆக்னலின் சித்தப்பா, தன் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். கூலிக்கு வைத்த ஆட்கள் ஒரு நாள் வந்தால் மறுநாள் காணோம். உலை எரிந்துகொண்டே கிடந்தது, அடிக்க ஆள் இல்லை. ஆக்ஸிலியா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். அவள் அப்பாவுக்கு வத்தலக்குண்டில் விறகுக் கடை. பாவாடை கட்டிய வயதிலேயே கோடாலி பிடித்தவள். திறந்த வானத்துக்குக் கீழே கோடாலியைத் தலைக்கு மேலே தூக்கி, அங்கே ஒரு கணம் நிறுத்தி, உடம்பு மொத்தத்தையும் அதன்மேல் ஏற்றி இறக்குவதில் ஒரு சுகம் இருக்கிறது. அது தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நினைப்பில்தான் முதல் அடிக்குச் சம்மட்டியைத் தூக்கினாள். அது நேராகப் போய் விட்டத்தில் இடித்தது. கூரையிலிருந்த ஒட்டடை, புகைக்கரி, பல்லி ஒன்று, எல்லாம் மாமனாரின் வழுக்கைத் தலையில் விழுந்தன. ஆக்னல் சிரித்தான். மாமனார் அதைவிட அதிகமாகச் சிரித்தார். ஆக்ஸிலியாவும் சிரித்துவிட்டு, அன்றைக்கே சம்மட்டியைத் தோளுக்குப் பக்கவாட்டில் சுழற்றிக் கொண்டுவரக் கற்றுக்கொண்டாள். இடுப்பை ஒருபக்கம் திருப்பி, வலதுகாலைப் பின்னால் சாய்த்து, முக்கால் உயரத்தில் ஓர் அடி. அடி பழகிவிட்டது, ஆசை போகவில்லை.

குறை என்று சொல்ல அவளுக்கு வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. மகள் திண்டுக்கல்லில் நர்ஸ். தினமும் போன் பண்ணி, சாப்பிட்டாயா என்று தாயை மிரட்டுவாள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காபி, கொஞ்சம் வாழை. கணவன் குடிக்க மாட்டான், பேச்சில் கொஞ்சம் பெருமை அடிப்பான், அவ்வளவுதான். வேலையும் அவளுக்குப் பிடித்த வேலை. ஒரே ஓர் ஆசை: சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கி அடிக்க வேண்டும். அதற்குக் கூரை உயர வேண்டும்.

"இந்த மழை முடியட்டும், ஏத்திருவோம்" என்பான் ஆக்னல். மழை முடியும். மகளுக்குக் காலேஜ் வரும், இல்லை உலைக்குக் காற்று ஊதும் மோட்டார் புகைந்து போகும். ஒரு வருஷம் மாமனாரே போய்ச் சேர்ந்தார். கூரை இருந்த இடத்தில் இருந்தது. அவளும் வருஷம் தவறாமல் ஞாபகப்படுத்துவாள், சண்டை போட்டதில்லை. ஆக்னலுக்கு அது ஏதோ பொம்பளை விளையாட்டு ஆசை என்று நினைப்பு.

இப்படி இருக்கையில்தான் கேத்தரின் மிஸ் வந்தார். கொடைக்கானலில் பள்ளிக்கூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துக்குக் கவாத்துக் கத்தி வாங்க வந்தவர், கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். அவரும் அவருக்குத் தெரிந்த சிலரும் சேர்ந்து ஒரு டிரஸ்ட் நடத்துகிறார்களாம். கையால் அடித்த கத்திகளை வாங்கிச் சேர்த்துவைக்கிறவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்களாம். வருஷா வருஷம் மே மாத சீசனில் ஒரு கண்காட்சி. அதில் வருவதைக் கொண்டு பட்டறைகளுக்குத் தேவையான சாமான் வாங்கித் தருவார்களாம்.

"வாங்கி என்ன செய்வாங்க?" என்று ஆக்ஸிலியா கேட்டாள்.

"கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பார்ப்பாங்க."

"வெட்ட மாட்டாகளா?"

"மாட்டாங்க."

ஆக்ஸிலியாவுக்கு அந்தக் கத்திகளை நினைத்துக் கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனாலும் மூன்று கத்திகள் மிஸ்ஸோடு ஜீப் ஏறின.

அவை திரும்பி வரவில்லை, பேர்தான் வந்தது. எல்லாரையும் மயக்கியது கத்தியின் முதுகு ஓரத்தில் இருந்த வரிகள். பிறை பிறையாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, தண்ணீரில் காற்று அடித்ததுபோல ஓடும் சின்னப் பள்ளங்கள். தோட்டக்காரர்கள் அதைக் கவனித்ததே இல்லை. சாணையில் கொடுத்துத் தேய்த்தால் போய்விடும். வெட்டுகிற கத்திக்கு எதற்கு வீண் வேலை என்று ஆக்னல் விட்டுவைத்ததுதான். சேகரிப்பவர்கள் அதற்கு 'பண்ணைக்காட்டு அலை' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஹோம்ஸ்டே நடத்தும் ஸ்டீவன் சார் மட்டும் இரண்டு வாங்கினார். அவர் வீட்டில் கண்ணாடிப் பெட்டிகளில் உலகத்துக் கத்தி எல்லாம் உறங்குகிறது. காய் நறுக்க பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தி ஒன்று தனியாக இருக்கிறது.

"இந்த அலை எப்படி வருது, ஆக்னல்?" என்று மிஸ் கேட்டபோது, ஆக்னல் ஒரு நிமிஷம் யோசித்தான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"அது எங்க குடும்பத்துக் கைங்க மிஸ்" என்றான். "தாத்தா, பூட்டன் காலத்துல இருந்து வர்றது."

அடுத்த கண்காட்சியில் கத்திக்குப் பக்கத்தில் ஓர் அட்டை நின்றது: நான்கு தலைமுறையின் கைவண்ணம். ஆக்னல் அதைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடமெல்லாம் காட்டினான். அலை எங்கிருந்து வருகிறது என்று ஆக்ஸிலியாவுக்குத் தெரியும். சம்மட்டி நேராக இறங்கினால் அதன் முகம் தட்டையாகப் படியும். பக்கவாட்டில் சுற்றி வந்தால் ஓரம் முதலில் கடிக்கும். கடித்த இடத்தில் ஒரு பிறை விழும். மாமனார் காலத்துக் கத்திகளில் ஒன்றிலாவது அலை உண்டா? கிடையாது. அது விட்டம் போட்ட அலை. அவள் சொல்லவில்லை. அந்த மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை, அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள்.

காபிப் பழம் பறிக்கும் காலத்தில் மிஸ் நல்ல செய்தியோடு வந்தார். இந்த வருஷ உதவிக்கு ஆக்னல் பட்டறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மின்சாரத்தில் ஓடும் சுத்தியல் மிஷின் ஒன்று. காலால் மிதித்தால் போதும், மேலிருந்து தானே அடிக்கும். இரும்பைப் பிடிக்கிறவரே அடித்துக்கொள்ளலாம்.

"ஆக்ஸிலியாவைத்தான் முதல்ல நினைச்சோம்" என்றார் மிஸ். "நீங்க சம்மட்டி அடிக்கிற போட்டோ பார்த்துட்டு நிறையப் பேரு வருத்தப்பட்டாங்க. இனிமே நீங்க ரெஸ்ட் எடுக்கலாம்."

ஆக்ஸிலியா நல்ல மரியாதையாகச் சிரித்து, மிஸ்ஸுக்குக் காபி போடப் போனாள். அடுப்படியில் பாலைப் பொங்கவிட்டாள். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இருக்கிற சோலியைப் பிடுங்கிக்கொண்டு ரெஸ்ட்டாம். கூரை ஏறும், ஒருநாள் ஓங்கி அடிப்போம் என்று காத்திருந்தது இதற்குத்தானா? மிஷின் வந்துவிட்டால் அவள் பட்டறைக்குள் எதற்குப் போக வேண்டும், டீ கொடுக்கவா?

மிஸ் போனபிறகு ஆக்னலிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மிஷின் வேணாம்னு சொல்லக் கூடாதாங்க? கூரைய ஏத்திக் குடுங்கன்னு கேப்போமே."

"சும்மா வர்ற மிஷின வேணாம்பாகளா? உனக்கு நல்லதுக்குத்தான செய்றாக. தோளு வலிக்கிதுன்னு தைலம் தேய்க்கிறியே."

தோள் வலிப்பது எதனால் என்று கேட்க வாய் வந்தது. அதற்குப் பதிலாகச் சம்மட்டியை எடுத்தாள். இரண்டு நாள் அவள் அடிச் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது.

மிஷினுக்கு இடம் பார்க்க மிஸ்ஸும் ஸ்டீவன் சாரும் சேர்ந்து வந்தார்கள். ஸ்டீவன் சார் உள்ளே நுழையும்போதே குனிந்துகொண்டார். எந்தப் பக்கம் மேடை கட்டுவது, கரண்டு எங்கிருந்து இழுப்பது என்று பேச்சு ஓடியது. அதற்கு இடையில் அவர்தான் கேட்டார்.

"மிஷின்ல அடிச்சாலும் அந்த வேவ் வந்துரும்ல?"

"வந்துரும் சார். என் கைதான" என்றான் ஆக்னல்.

அதற்குமேல் ஆக்ஸிலியாவால் முடியவில்லை.

"வராதுங்க சார்" என்றாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சொல்லிவிட்டோமே என்று ஒரு கணம் இருந்தது. பிறகு, சொன்னது சொன்னதுதான் என்று மீதியையும் சொன்னாள்.

"அது அவுக கை இல்ல. இந்த விட்டம். எனக்கு மேல தூக்க எடமில்ல. சைடுல சுத்தித்தான் அடிக்கணும். அதான் அப்பிடி விழுது."

ஆக்னலின் முகம் உலைக்கு எதிரே இருந்ததுபோலச் சிவந்தது. வெளியாட்கள் முன்னால் பெண்டாட்டி வாயால் இப்படி ஒன்று கேட்க எந்த ஆம்பளைக்குப் பிடிக்கும்? எழுந்து வந்து அவள் கையிலிருந்து சம்மட்டியை வாங்கினான். "பட்டையப் பிடி" என்றான். ஆக்ஸிலியா குறட்டை எடுத்து, உலையில் கிடந்த இரும்புப் பட்டையைப் பிடித்து அடைகல்லில் வைத்தாள். அவள் நிற்கும் இடத்தில் அவன் நின்று ஓங்கி அடித்தான். அவனுக்கு விட்டம் இடிக்கவில்லை. சம்மட்டி தாராளமாக மேலே போய் வந்தது. பட்டை வழுவழுவென்று அகன்றது. ஒரு பிறைகூட விழவில்லை. மறுபடி அடித்தான், விழவில்லை.

"இப்ப நீ அடி" என்றான்.

அவன் குறட்டைப் பிடிக்கப் போனபோது மிஸ் தடுத்து, "ஸ்டீவன், நீங்க பிடிங்க. ஆக்னல் கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கட்டும்" என்றார். ஸ்டீவன் சார் பயந்து பயந்து பிடித்தார்.

ஆக்ஸிலியா அடித்தாள். பட்டையில் பிறை விழுந்தது, அதன்மேல் சாய்ந்து இன்னொன்று விழுந்தது. ஆனால் ஆக்னல் பட்டையைப் பார்க்கவில்லை. குறடு பிடிக்கிற கொல்லனுக்குக் கண் இரும்பின்மேல்தான் இருக்க வேண்டும். சம்மட்டி எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்த்தால் விரல் போய்விடும். மகளைப் பெற்று வளர்த்து நர்ஸ் ஆக்கும் காலம் முழுக்க இவளோடு சேர்ந்து அடித்தவன், இவள் அடிப்பதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தான். இடுப்பைத் திருகிக்கொண்டு, கழுத்தை ஒருபக்கம் ஒடித்துக்கொண்டு, பின்னங்காலை ஊன்ற இடமில்லாமல் சுவரில் முட்டுக் கொடுத்துக்கொண்டு அவள் அடித்தாள். மேலே பார்த்தான். விட்டத்தில் சம்மட்டி இடித்த பள்ளம் கரி பிடித்துக் கிடந்தது. அவளுடைய அந்த முதல் அடியைப் பார்த்துத் தான் சிரித்தது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

ஸ்டீவன் சாருக்குப் பட்டைமேல்தான் கண். "அப்ப ஒண்ணு செய்யலாம்" என்றார். "மிஷின் வேண்டாம். கூரையும் இப்படியே இருக்கட்டும். ஒண்ணையும் மாத்தாதீங்க. இது ரொம்ப ரேர்."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஒரு பொருள்மேல் உயிரை வைத்துவிட்டால் சிலருக்கு அதைச் சுற்றியுள்ளது கண்ணில் படாது. மிஸ் மட்டும் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் உங்களைக் கேட்காமலே உங்களுக்காக முடிவு பண்ணிட்டேன், ஆக்ஸிலியா. தப்புதான்" என்றார். "ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க. எது வேணுமோ அதை டிரஸ்ட் செய்யும்."

அவர்கள் போனபிறகு ஆக்னல் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டான், படுத்தான். மறுநாளும் அப்படியே. ஆக்ஸிலியாவுக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆசையாக ஒரு பேர் வந்தது, அதையும் ஆட்கள் முன்னால் போட்டு உடைத்துவிட்டோம். இனிக் கூரையைப் பற்றிப் பேச முடியாது. மிஷினே வந்து தொலையட்டும் என்றுகூட நினைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வெள்ளனே எழுந்தவள், பட்டறைப் பக்கம் தகரம் அதிரும் சத்தம் கேட்டு ஓடினாள். ஆக்னல் கூரைமேல் உட்கார்ந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தான். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன்.

"ஆமா மிஸ். மிஷின் வேற யாருக்காச்சும் குடுங்க, பாவம் ஒத்தையாளா அடிக்கிறவுக இருப்பாக. எங்களுக்கு நல்ல உத்தரம் நாலு, தகரம் கொஞ்சம். ஏத்துறதுக்கு ஆள் நாங்க பாத்துக்கிறோம்." கொஞ்சநேரம் கேட்டான். "அலை போச்சுன்னா போகட்டும் மிஸ். இன்னொண்ணு. அந்த அட்டையில நாலு தலைமுறைன்னு இருக்குல்ல, அத எடுத்துருங்க. ஆக்ஸிலியா அடிச்சதுன்னு போடுங்க."

கீழே நிற்பவளைப் பார்த்ததும் போனை வைத்தான்.

"இறங்குங்க. பூசைக்கு நேரமாச்சு" என்றாள் ஆக்ஸிலியா.

"நீ போய்ட்டு வா. எனக்குச் சோலி கெடக்கு" என்றான் அவன்.

மரம் வந்தது, தகரம் வந்தது. ஊர்க்காரர்கள் வந்து தூக்கிவிட்டார்கள்; ஆளுக்கு ஒரு யோசனையும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஸ்டீவன் சார் ஒருநாள் வெரசாக வந்து, அலை விழுந்த கத்தி மிச்சம் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போனார். இனி வராது என்று தெரிந்ததும் அதற்குக் கிராக்கி கூடிவிட்டதாம். வழுவழு முதுகோடு வரும் கத்திகளுக்கும் மிஸ் கண்காட்சியில் இடம் வைத்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்காரர்கள் வாங்குவார்களோ மாட்டார்களோ, தோட்டக்காரர்கள் முன்போலத்தான் வாங்குகிறார்கள்.

கூரை வேலை முடிந்த அன்றைக்கு, கன்றுக்குட்டியைக் கொட்டிலிலிருந்து அவிழ்த்துவிட்ட மாதிரி ஆக்ஸிலியா பட்டறைக்குள் இங்கும் அங்கும் நடந்தாள். கையைத் தூக்கிப் பார்த்தாள். சம்மட்டியைத் தூக்கிப் பார்த்தாள். எதிலும் இடிக்கவில்லை. புதுத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே காபிப் பூவின் வாசனை வந்துகொண்டிருந்தது.

ஆக்னல் உலையை மூட்டினான். லாரி ஸ்பிரிங் பட்டையில் தடியான துண்டு ஒன்றைத் தேடி எடுத்து உள்ளே வைத்தான். நன்றாகப் பழுத்ததும் எடுத்து அடைகல்லில் வைத்தான். இரும்பின் தடிப்பைப் பார்த்து ஆக்ஸிலியாவுக்குப் புரியவில்லை. அருவாளுக்கு இவ்வளவு வேண்டாம். கத்திக்கு வேண்டவே வேண்டாம்.

"என்னத்துக்குங்க இது?"

"ஒண்ணுத்துக்குமில்ல" என்றான் ஆக்னல். "நீ அடி."

அவள் சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கினாள். அங்கே ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு இறக்கினாள். சத்தம் மாதா கோயில் வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். இரும்பு அப்படியே படுத்துவிட்டது. மறுபடி தூக்கினாள், மறுபடி இறக்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

அருவாளுக்குச் சாணை பிடிக்க வந்த ஒருவர் வாசலில் காத்துக்கொண்டு நின்றார். ஆக்னல் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, ஆறிப்போன பட்டையை எடுத்து மறுபடி உலைக்குள் வைத்தான்.